தோள் மாறும் தூரம்

பங்குனி உத்திரத்துக்கு நாலைந்து நாள் இருக்கையில், கொடுமுடியில் காவிரிப் படித்துறையில் விடியற்காலை வேளையில் சற்று நேரம் நின்றிருந்தவர்களுக்கு நான் சொல்லப்போகும் காட்சி பழகியதாகவே இருக்கும். நீராடிக் கரையேறும் அடியார்கள் தீர்த்தம் நிரப்பிய கலசங்களின் வாயைத் துணியிட்டு இறுகக் கட்டி, காவடித் தண்டின் இரு முனையிலும் அவற்றைத் தொங்கவிட்டு, மகுடேசுவரரை வணங்கி, பம்பை முழங்கப் பழனியை நோக்கிப் புறப்படுவார்கள். எண்பது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அந்த வழியில் காவடி ஒருவர் தோளிலேயே இருந்துவிடுவதில்லை. ஒருவர் களைத்தபோது மற்றொருவர் பக்கத்தில் வந்து நடந்தபடியே தோளைக் கொடுக்க, தண்டு இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு வழுக்கிச் செல்லும். ஆள் மாறுவான், தீர்த்தம் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும்.

நான் சிறுவனாக இருந்தபோது என் அப்பாருவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் படித்துறையில் நின்றிருக்கிறேன். காவடியும் மேளமும் என் கண்ணையும் காதையும் நிறைத்துக்கொண்டிருந்த வேளையில், அவர் என்னைக் கரையோரம் நின்ற ஒரு மாட்டு வண்டியின் பக்கம் திருப்பி, அதில் மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவரைக் காட்டினார். "காவடி எடுக்கறவங்களையே பாத்துட்டு நிக்கறயே, அவரைப் பாரு கண்ணு. இத்தன பேரு ஒடம்பும் அவரு கையிலதான் இருக்குது" என்றார். அந்தப் பெரியவர் புளிச்சோற்றுத் தூக்குகளை வெயில் படாத பக்கத்தில் வைத்து, அரிசி மூட்டையை அடியில் தள்ளி, உலர்ந்த வேட்டிகளையும் துண்டுகளையும் எல்லாவற்றுக்கும் மேலே பரப்பிக்கொண்டிருந்தார். வேட்டியை ஏன் மேலே வைக்கிறீர்கள் என்று நான் கேட்டேன். "மொதல்ல வேணுங்கறது மேல இருக்கோணுமுங்க தம்பி" என்று, சிறுவனான என்னையும் மரியாதையாகவே விளித்து விடை சொன்னார். உடலியலைக் குறித்துப் பிற்காலத்தில் எத்தனையோ நூல்களைப் படித்தபோதெல்லாம் அந்த வண்டிதான் என் நினைவில் வந்து நின்றது.

ஒரு சுமையையோ செய்தியையோ பலர் முறைவைத்துக் கைமாற்றிச் சேர்க்கும் ஏற்பாடு மிகத் தொன்மையானது. தபாலுக்கு வழங்கும் அஞ்சல் என்ற சொல்லே ஓட்டப்பந்தயத்திலும் அஞ்சல் ஓட்டம் என்று வந்து அமர்ந்திருப்பதற்குக் காரணம் உண்டு; ரயிலும் மோட்டாரும் வருவதற்கு முன் கடிதப் பையைச் சுமந்து, சலங்கை கட்டிய கோலை ஒலித்துக்கொண்டு ஓடிய தபால்காரர்கள், அடுத்த சாவடியில் காத்திருப்பவரிடம் பையை ஒப்புவித்துவிட்டே இளைப்பாறினார்கள். ஜப்பானியர் தங்கள் நெடுந்தூர அஞ்சல் ஓட்டத்துக்கு எகிடென் என்று பெயரிட்டபோது அவர்களும் பழைய சாலைச் சாவடிகளையே நினைத்துக்கொண்டார்கள். 1917-ஆம் ஆண்டில் கியோட்டோவிலிருந்து டோக்கியோ வரை 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தை மூன்று நாளில் கடந்ததே முதல் எகிடென். 1920 முதல் டோக்கியோவுக்கும் ஹகோனே மலைப்பகுதிக்கும் இடையே பல்கலைக்கழக மாணவர்கள், அணிக்குப் பத்துப் பேராக இரண்டு நாள் ஓடுகிறார்கள். அங்கே கைமாறுவது தோளின் குறுக்கே அணியும் ஒரு துணிப்பட்டை. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் 1982-இல் தொடங்கிய ஓட்டமோ, ஹுட் மலையில் புறப்பட்டு, ஏறத்தாழ 320 கிலோமீட்டர் கடந்து பசிபிக் கடற்கரையில் முடிவது. அணிக்குப் பன்னிருவர், ஆளுக்கு மூன்று கட்டம், இரவென்றும் பகலென்றும் பாராமல் தொடரும் 36 கட்டங்கள். சனி ஞாயிறுகளில் இன்று உலகின் பல பாகங்களில் ஓட்டச் சங்கங்கள் நடத்தும் காட்டுவழி அஞ்சல் ஓட்டங்கள் பலவும் இந்த முறையைத் தழுவியவையே.

ஈரோட்டில் வ.உ.சி. பூங்கா மைதானத்தில் காலைதோறும் ஓடிப் பழகிய நாங்கள் எண்மர், எங்களுக்கென்று ஒரு வழியை அமைத்துக்கொண்டோம். பவானியில் பிரிந்து, சுமார் 90 கிலோமீட்டர் வளைந்து நெளிந்து கொடுமுடிப் பக்கம் போய்ச் சேரும் காலிங்கராயன் வாய்க்காலின் கரை முதற்பகுதி. அதற்குப் பிறகு காங்கேயத்துக் கொரங்காட்டு மேய்ச்சல் நிலங்களின் ஊடே, இருபுறமும் கிளுவை வேலி நெருங்கி நிற்க, மாடும் வண்டியும் போய்ப் போய்ப் பள்ளமாகிவிட்ட இட்டேரிகளின் வழியாகத் தாராபுரம் கடந்து பழனி. மேற்கே திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஓட வேண்டும் என்று எங்களில் இளையவர்களுக்கு ஆசை உண்டு. ஆனால் 2013-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட சத்தியமங்கலக் காட்டில் இரவு நேரம் யானைக்கும் சிறுத்தைக்கும் உரியது. 2022 முதல் இரவில் அந்தச் சாலையில் வாகனப் போக்குவரத்தையே உயர்நீதிமன்றம் கட்டுப்படுத்தியிருக்கிறது. அங்கே இரவில் மனிதன் ஓடக்கூடாது என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை.

ஆளுக்கு இரண்டோ மூன்றோ கட்டம், கட்டம் ஒன்றுக்குப் பத்துக் கிலோமீட்டர் என்று கேட்பவர்கள், முப்பது கிலோமீட்டரை ஒரே மூச்சில் ஓடுவதைவிட இது எளிதாயிற்றே என்று நினைக்கிறார்கள். என் அனுபவமும் நான் கற்றதும் வேறு விதமாகச் சொல்கின்றன. தொடர்ந்து ஓடுகிறவனுடைய தேகம் ஒருமுறை சூடேறி, ஒருமுறை களைத்து, ஒருமுறை ஓய்கிறது. அஞ்சல் ஓட்டக்காரனுடைய தேகமோ சூடேறிக் குளிர்ந்து, ஆறு மணி நேரம் கூடவே வரும் வேனில் மடங்கிக் கிடந்து, விறைத்துப்போன தசைகளோடு நள்ளிரவில் மறுபடி எழுந்து சூடேற வேண்டியிருக்கிறது. ஓட்டத்தை எப்படியாவது ஓடிவிடலாம். அந்த இடைவேளையில்தான் உடம்பு காப்பாற்றப்படுகிறது, அல்லது கைவிடப்படுகிறது. ஆகவே மூட்டை கட்டும் போது நாம் கட்டவேண்டியது இடைவேளைக்கான பொருள்களை.

முதலில் உஷ்ணத்தை எடுத்துக்கொள்வோம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய 60 கிலோகலோரி செலவாகிறது. பத்துக் கிலோமீட்டருக்கு 600. இதில் நான்கில் ஒரு பங்குகூட உடலை முன்னே தள்ளும் வேலையாக மாறுவதில்லை. ஏறத்தாழ 460 கிலோகலோரி வெறும் வெப்பமாகவே தேகத்துக்குள் தங்கிவிடுகிறது. அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே அடைபட்டுக் கிடந்தால், அதே 60 கிலோ உடம்பின் சூடு ஒரு மணி நேரத்தில் ஒன்பது டிகிரி செல்சியஸ் வரை ஏறி, 37-இல் இருந்தது 46-ஐத் தொட்டுவிடும். மனிதன் அதற்கு வெகு முன்பே விழுந்துவிடுவான். அவனைக் காப்பது வியர்வை. தோலின் மேல் ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை வாரிக்கொண்டு போகிறது. எனவே மேற்சொன்ன பத்துக் கிலோமீட்டரின் வெப்பம் முழுவதையும் முக்கால் லிட்டருக்குச் சற்று மேற்பட்ட வியர்வையே போக்கிவிடும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: ஒவ்வொரு துளியும் ஆவியாக வேண்டும். புருவத்திலிருந்து சொட்டி மண்ணில் விழும் துளி எந்த வெப்பத்தையும் போக்காமல் வீணாகிறது. வாய்க்கால் கரையில், நெல்வயலின் ஈரக்காற்றில் ஓடும்போது வியர்வை வழிந்து கொட்டுகிறதே தவிர உலர்வதில்லை. அதே சூட்டில் காங்கேயத்து மேட்டாங்காட்டில் வறண்ட காற்றில் ஓடுகிறவனுக்குச் சட்டை நனைவதே தெரிவதில்லை, வாய் மட்டும் உலர்கிறது. முன்னவனுக்கு வேகத்தைக் குறைக்கச் சொல்ல வேண்டும்; பின்னவனுக்குத் தண்ணீரை நினைவூட்ட வேண்டும். கட்டங்களை யார் யாருக்கு ஒதுக்குவது என்று நாங்கள் தீர்மானிக்கும்போது தூரத்துக்கு அடுத்தபடியாகக் கவனிப்பது இந்தக் காற்றைத்தான்.

துணியைப் பற்றி ஈரோட்டுக்காரனுக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை என்றாலும், ஒரு சூட்சுமத்தைச் சொல்லத்தான் வேண்டும். ஜவுளிச் சோதனைச் சாலையில், குறித்த வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் வைத்த பருத்தி நூல் காற்றிலிருந்தே தன் உலர்ந்த எடையில் 8.5 சதவிகித ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்கிறது, பாலியெஸ்டர் 0.4 சதவிகிதமே வாங்குகிறது. பருத்தி இழைக்குள்ளேயே ஈரம் குடிபுகுகிறது. செயற்கை இழையில் அது மேற்பரப்பில் பரவி, விரைவில் பறந்துபோகிறது. ஓடும்போது நனைந்த பருத்தி பனியனால் பெரிய தீங்கு இல்லை, உராய்வு ஒன்றைத் தவிர. தீங்கு, ஓட்டம் நின்ற பிறகுதான். ஓடும்போது பெருகிக்கொண்டிருந்த வெப்பம் உட்கார்ந்த சில நிமிஷங்களில் பத்தில் ஒரு பங்காக வற்றிவிடுகிறது. நனைந்த துணியோ தன் வேலையை நிறுத்துவதில்லை. நீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்துவதால், ஜன்னல் திறந்த வேனில், நம் ஊர் மாசி மாதத்து நள்ளிரவில்கூட, வலுவான இளைஞன் பல் கிட்டி நடுங்குவதை நான் பார்த்திருக்கிறேன். கைமாறும் கோலை அடுத்தவரிடம் ஒப்படைத்தவுடன் அவனுக்கு முதலில் வேண்டுவது தண்ணீரும் அன்று, பழமும் அன்று. ஓர் உலர்ந்த சட்டை. கொடுமுடிப் பெரியவர் வேட்டிகளை ஏன் மேலே வைத்தார் என்பது அந்த நடுக்கத்தைக் கண்டபோதுதான் எனக்கு முழுவதும் விளங்கியது.

சட்டை மாற்றுவதற்கும் முன்னால் ஐந்து நிமிஷம் நடக்க வேண்டும் என்பது எங்கள் குழுவில் மீறக்கூடாத விதி. ஓடும் காலின் தசைகள் சுருங்கி விரியும்போது இரத்தத்தை மேல்நோக்கிப் பிழிந்து அனுப்புகின்றன. சட்டென்று நின்றுவிட்டால் அந்த உதவி நின்றுபோய், விரிந்திருக்கும் குழாய்களில் இரத்தம் காலிலேயே தேங்கி, மூளைக்குப் போவது குறைந்து தலை சுற்றுகிறது. கைமாற்றும் இடத்தில் மயங்கி விழுகிறவர்களில் பலர் ஓடி விழுந்தவர்கள் அல்லர், நின்று விழுந்தவர்கள்.

இனி உப்பும் சர்க்கரையும். இதைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் மனம் நெகிழும். வியர்வை ஒரு லிட்டரில் சராசரியாக ஒரு கிராம் அளவுக்குச் சோடியம் போகிறது. சிலருக்கு அதில் பாதி, சிலருக்கு இரட்டிப்பு. உலர்ந்த சட்டையின் முதுகில் வெண்கோடுகள் படிபவர்கள் அதிகம் இழப்பவர்கள் என்று கண்ணாலேயே அறியலாம். இழந்ததை மீட்க வெறும் நீர் போதாது. சிறுகுடலின் சுவரில் சோடியமும் குளுக்கோஸும் கைகோத்துக்கொண்டு ஒரே வாயில் வழியாக உள்ளே நுழைகின்றன என்பதையும், அவற்றின் பின்னாலேயே நீரும் இழுபட்டுச் செல்கிறது என்பதையும் விஞ்ஞானம் அறிந்துகொண்டது அண்மைக் காலத்தில்தான். 1960-இல் பிராக் நகரத்து மாநாட்டில் ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியலார் இந்த இணைப்பை எடுத்துரைத்தார். பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு, 1971-இல், வங்கதேசப் போரால் அகதிகள் வெள்ளமெனப் புகுந்த மேற்கு வங்க எல்லையூராகிய பன்காவ் முகாமில் காலரா பரவியபோது, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் அளந்து நீரில் கரைத்து வாய்வழியே குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை மடிந்த இடத்தில் மரணம் நூற்றுக்கு நாலுக்கும் கீழே இறங்கியது. இன்று மருந்துக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் அந்தப் பொட்டலத்தில், ஒரு லிட்டர் நீருக்கு 13.5 கிராம் குளுக்கோஸும் 2.6 கிராம் உப்பும், பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும் உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இருக்கின்றன. எங்கள் வேனில் ஆளுக்கு நான்கு பொட்டலம் வைக்கிறோம். அது இல்லாதபோது, ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்தால் போதும். அளவை மீறி உப்பைக் கூட்டுவது ஆபத்து.

தண்ணீரை மிகுதியாகக் குடிப்பதும் ஆபத்துதான் என்பதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்தவர்களில் 488 பேருடைய இரத்தத்தைச் சோதித்த மருத்துவர்கள், அவர்களில் நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்குச் சோடியம் இருக்கவேண்டிய அளவுக்குக் கீழே இறங்கியிருந்ததைக் கண்டார்கள். ஓடும்போது எடை கூடும் அளவுக்கு நீர் அருந்தியவர்களே அவர்களில் முக்கியமானவர்கள். தாகத்துக்குக் குடிப்பது, ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்ப்பது என்ற இரண்டும் போதும். வேனில் ஓர் எடைப்பொறி வைத்துக்கொள்வது சிலருக்கு மிகையாகத் தோன்றலாம். எங்களுக்கு அது தராசைப்போல் நியாயம் சொல்கிறது.

ஆகார விஷயத்தில் கொங்கு நாட்டுப் பாதயாத்திரைக்காரர்களிடம் கற்க நிரம்ப இருக்கிறது. தசையில் ஏறத்தாழ 400 கிராமும் கல்லீரலில் 100 கிராமுமாகச் சேமித்திருக்கும் கிளைக்கோஜன்தான் ஓட்டத்தின் கைச்செலவுப் பணம். ஒரு கட்டம் ஓடி முடித்தவுடன் தசைச் செல்களின் கதவுகள் சர்க்கரைக்கு அகலத் திறந்திருக்கின்றன. அந்த முதல் சில மணி நேரத்தில், எடையில் கிலோ ஒன்றுக்கு மணிக்கு ஒரு கிராம் வீதம் மாவுச்சத்தோ சர்க்கரையோ கொடுத்தால் கஜானா விரைவில் நிரம்புகிறது. 60 கிலோ உடையவருக்கு மணிக்கு 60 கிராம். அதாவது ஏறக்குறைய இரண்டு பெரிய வாழைப்பழம். பசியோடு இறங்கியவனுக்கு வழியோரத்துப் பரோட்டாவும் வறுவலும் அமிர்தமாகத் தெரியும். ஆனால் கொழுப்பு இரைப்பையை விட்டு இறங்க நெடுநேரம் எடுத்துக்கொள்வதால், அடுத்த கட்டம் வரும்போது அது வயிற்றிலேயே இருந்து புரட்டும்.

கடைகளில் சிறு பைகளில் விற்கும் ஜெல் என்ற சர்க்கரைப் பாகை நானும் பயன்படுத்தியிருக்கிறேன். அதன்பின் பஞ்சாமிர்தத்துக்கே திரும்பினேன். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பழனிப் பஞ்சாமிர்தத்தில் மலைவாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, தேன், நெய், ஏலம் சேர்கின்றன; நீர் ஒரு சொட்டும் சேர்ப்பதில்லை. அதற்குரிய நாட்டுச்சர்க்கரை நம் கவுந்தப்பாடியிலிருந்து போகிறது என்பது இந்தப் பக்கத்தாருக்குப் பெருமை. நாட்கள் பல சென்றும் அது ஏன் கெடுவதில்லை? பழத்தில் உள்ள நீரைச் சர்க்கரையும் தேனும் தம்மோடு பிணைத்து வைத்துக்கொள்கின்றன. கலவையில் நீர் இருந்தும், கிருமிகள் உறிஞ்சிக்கொள்ளத்தக்க நிலையில் அது இல்லை; மாறாக, வந்து விழும் கிருமியின் உடலிலிருந்தே நீர் வெளியே இழுக்கப்படுகிறது. குளுக்கோஸும் பழச்சர்க்கரையும் கரும்புச் சர்க்கரையும் ஒருசேர இருப்பதால், குடலில் வெவ்வேறு வாயில்கள் வழியாக அவை ஒரே நேரத்தில் உள்ளே செல்கின்றன. குளுக்கோஸை மட்டும் கொடுத்தால் ஒரே வாயிலில் நெரிசல் உண்டாகும். ஒரு கரண்டி பஞ்சாமிர்தத்தைச் சின்ன டப்பாவில் அடைத்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடுகிறவன், பழனியிலிருந்து கிராமத்துக்குத் திரும்பும் யாத்திரிகனைப் போலவே, தன்னிடம் கெடாத ஒரு பொருள் இருக்கிறது என்ற நிம்மதியோடு ஓடலாம்.

சோறு வேறு கதை. அரிசியில் ஒட்டியிருக்கும் பாசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் கொதிக்கும் நீரிலும் சாவதில்லை. சூடான சோற்றைப் பெரிய பாத்திரத்தில் அழுத்தி மூடி, வெயிலில் நிற்கும் வேனுக்குள் பகல் முழுவதும் வைத்தால், வெதுவெதுப்பான அந்த நடுப்பகுதியில் வித்துகள் முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நஞ்சைச் சுரக்கின்றன. மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு அழிவதில்லை. ஒரு முறை நாங்கள் வழியில் வாங்கிய வெள்ளைச்சோற்றுப் பொட்டலத்தால் எண்மரில் மூவர் நள்ளிரவில் ஓட முடியாமல் போனார்கள். புளிச்சோற்றில் புளியின் அமிலம் அந்த நுண்ணுயிரை அடக்குகிறது. நன்றாக ஆறவைத்து, தாராளமாக எண்ணெய் விட்டுக் கலந்து, சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டினால் ஒரு பகல் தாங்கும். என் அம்மிச்சி கட்டுச்சோற்றை வாழையிலையில் பரப்பி, விசிறியால் ஆற்றி, அதன் பிறகே கட்டுவாள். சூட்டோடு கட்டினால் நேரம் மிச்சமாகுமே என்று கேட்ட என்னிடம், "வெந்து போயிரும் சாமி, ஆறட்டும்" என்பாள்.

பாதத்துக்கு வருவோம். கொப்புளம் என்பது தோல் தேய்வதால் உண்டாவது என்றே பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். உண்மையில், உள்ளே எலும்பு முன்னும் பின்னும் நகர, மேல்தோல் காலுறையோடு ஒட்டிக்கொண்டு நகராமல் நிற்க, இரண்டுக்கும் நடுவே உள்ள மென்மையான தோலடுக்கு மீண்டும் மீண்டும் இழுபட்டுக் கிழிந்து, அந்த இடைவெளியில் நீர் கோத்துக்கொள்கிறது. வெளியே காயமில்லாமல் உள்ளே கிழிவதுதான் கொப்புளம். ஈரம் பட்ட தோல் உலர்ந்த தோலைவிட அதிகமாகப் பற்றிக்கொள்கிறது. ஆகவே வியர்வையில் ஊறிய காலுறை அதற்கு முதற் காரணம். சென்ற தை மாதத்தில் தாராபுரத்துக்கு வடக்கே இட்டேரி ஓரத்தில் ஒரு நண்பரின் காலை என் மடியில் வைத்துப் பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே, ஐந்து ரூபாய் நாணயத்தின் அகலத்தில், பால்வெண்மையாகத் தோல் உப்பியிருந்தது. அதன் விளிம்பில் செம்மண் ஒரு மெல்லிய வளையமாகப் படிந்திருந்தது. சூடு தொடங்கியபோதே நின்று, அந்த இடத்தை உலர்த்தி, ஒரு துண்டு காகித ஒட்டுநாடாவை மடிப்பில்லாமல் ஒட்டியிருந்தால் அது வந்திராது. அந்த நாடா வேனில்தான் இருந்தது. அரிசிச் சாக்குக்கு அடியில். அன்று மூட்டை அடுக்கியவன் நான்.

செருப்பில்லாமல் பழனிக்கு நடக்கிறவர்களின் பாதம் மாதக்கணக்கில் தடித்துக்கொண்டது. காய்ப்பு ஏறிய பாதம் தரையை உணரும் சக்தியை இழப்பதில்லை என்று, கென்யாவில் செருப்பணியாதவர்களையும் அணிபவர்களையும் ஒப்பிட்டு 2019-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. ஆனால் மாதங்களில் வருவதை ஒரு வார விரதத்தில் வரவழைக்க முடியாது. ஷூ அணிந்து பழகியவர் ஷூவிலேயே ஓடட்டும். புதிய ஷூவை மட்டும் அன்றைக்கு முதன்முறையாக அணிய வேண்டாம். ஷூவில் நூறு கிராம் கூடினால் ஓடுவதற்கு வேண்டிய பிராணவாயு சுமார் ஒரு சதவிகிதம் கூடுகிறது. காலில் கட்டிய சுமை தோளில் ஏற்றிய சுமையைவிடக் கொடியது. சுமையைப் பற்றிப் பேசும்போது காவடித் தண்டையும் சொல்ல வேண்டும்: வளைந்து கொடுக்கும் தண்டில் இரு முனையிலும் தொங்கும் பாரம், நடப்பவனோடு சேர்ந்து குதிக்காமல் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் மிதந்து வருவதால், ஒவ்வோர் அடியிலும் தோளில் இடிக்கும் விசை தணிகிறது என்பதை 1991-இல் ராட்ஜர் கிராம் என்பவர் அளந்து வெளியிட்டார்.

முன்னேற்பாடுகளில் நான் மிகவும் வற்புறுத்துவது இறக்கத்தில் ஓடிப் பழகுவது. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குவதால் அதன் இழைகள் நுண்ணிய அளவில் சிதைகின்றன. வலி அன்றைக்குத் தெரியாமல், இருபத்துநாலு மணி நேரம் கழித்து வந்து இரண்டு மூன்று நாள் நிற்கும். இரண்டு நாள் ஓட்டத்தில் இந்தக் கணக்கு மிகக் கொடுமையானது, ஏனெனில் சனிக்கிழமையின் இறக்கம் ஞாயிற்றுக்கிழமையில் வலிக்கும். ஆனால் ஒருமுறை மிதமாகச் சிதைந்து ஆறிய தசை, அதே வேலையைச் சில வாரங்களுக்குள் மறுபடி செய்யும்போது அவ்வளவு பாதிக்கப்படுவதில்லை. அதனால் மூன்று வாரத்துக்கு முன் நாங்கள் சென்னிமலைக்குப் போய், முருகனைக் கும்பிட்டுவிட்டு, 1,320 படிகளையும் நிதானமாக இறங்கி வருகிறோம். ஏறுவது பக்தி, இறங்குவது பயிற்சி என்று எங்களில் ஒருவர் சொல்வார். இரண்டும் எனக்குப் பக்தியாகவே படுகின்றன.

இரவைப் பற்றிச் சிறிது. உடம்பின் உள்வெப்பம் விடியலுக்கு முன், நான்கு மணியை ஒட்டி, மிகவும் தாழ்கிறது. அப்போது கால் இடறுவதும் வழி தவறுவதும் அதிகம். இருபது நிமிஷம் கண்ணயர்ந்தால் தெளிவாக எழுந்திருக்கலாம்; ஒரு மணி நேரம் உறங்கி ஆழ்ந்த நித்திரையின் நடுவில் எழுப்பப்பட்டவன் அரை மணி நேரம் வரை மந்தமாகவே இருப்பான். காபியின் சாரம் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் ஆவதால், ஓடி முடித்தவன் காபி குடிக்கக் கூடாது, ஓடப்போகிறவன் குடிக்கலாம். விளக்கைத் தலையில் கட்டினால் ஒளியும் பார்வையும் ஒரே கோட்டில் செல்வதால், கல்லின் நிழல் கல்லுக்குப் பின்னாலேயே மறைந்து, பாதை தட்டையாகத் தோன்றும். அதையே இடுப்பில் கட்டினால் ஒவ்வொரு கூழாங்கல்லும் நீண்ட நிழலோடு எழுந்து நிற்கும். வண்டிக்கு அடியில் லாந்தரைத் தொங்கவிட்டு இட்டேரியில் இரவெல்லாம் போன வண்டிக்காரர்களுக்கு இது பழைய சங்கதி. இருளுக்குப் பழக அரை மணி நேரம் வேண்டும் கண்ணுக்கு, எதிரே வருபவரின் முகத்தில் விளக்கைக் காட்டுவது அந்த அரை மணி நேரத்தையும் பறித்துவிடுகிறது.

ஆகவே வெள்ளிக்கிழமை மாலையில் என் வீட்டுக் கூடத்தில் பவானி ஜமுக்காளத்தை விரித்து, எல்லாவற்றையும் அதன்மேல் பரப்பிவிட்டுத்தான் கட்டத் தொடங்குகிறேன். கட்டத்துக்கு ஒன்றாக மூன்று பைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பனியன், ஒரு ஜோடி காலுறை, ஒரு துண்டு, ஓர் உப்புச் சர்க்கரைப் பொட்டலம். நனைந்தவற்றைப் போட ஒரு தனிச் சாக்கு. நாடாவும் கத்தரிக்கோலும் ஓட்டுநரின் இருக்கைக்குப் பின்னால், எல்லோர் கையும் எட்டும் இடத்தில். அரிசியும் அடுப்பும் அடியில். எல்லாம் முடிந்தபின் ஜமுக்காளத்தையே சுருட்டி வேனின் பின்கதவோரம், கடைசியாக வைக்கிறேன். கதவைத் திறந்தவுடன் அது முதலில் வெளியே வர வேண்டும். மறுநாள் பின்னிரவில், தாராபுரத்துக்கு இப்பால் ஏதோ ஒரு வேப்பமரத்தடியில், அதை விரித்து ஒருவர் உறங்கிக்கொண்டிருக்க, அவர் தலைமாட்டில் அமர்ந்து இன்னொருவர் ஷூவின் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டிருப்பார். தூரத்து வளைவில், இடுப்பளவு உயரத்தில், ஒரு சிறு வெளிச்சம் ஆடி ஆடி வரும். நான் உலர்ந்த சட்டையை எடுத்து உதறிப் பிரித்துக் கையில் வைத்துக்கொள்வேன்.